சோலாப்பூர் தாண்டினால்

மயினியை ரீலில் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவளுடைய முதுகைப் பார்த்தபோதுதான்.

அன்று சனிக்கிழமை, எனக்கு அரை நாள் வேலை. அம்மா மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவள் வேலை செய்யும் கார்கானாவுக்குப் போனேன். தாராவியில் எங்கள் சந்துக்கு, இங்கே கல்லி என்பார்கள், இரண்டு கல்லி தள்ளி, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடி. ஒரு பக்கம் சட்டை தைக்கும் மெஷின்கள். மறுபக்கம் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளில் துருத்தி நிற்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். தாகா வெட்டுற வேலை என்று பெயர். நான் ஏணியில் பாதி ஏறியிருந்தபோது மேலே வரி மாமாவின் குரல் கேட்டது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிப்பவர். பம்பாயில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டே உயிரை எடுப்பவர்.

"ஹலோ... நல்லா இருக்கியளா? பிள்ளைய நல்லா இருக்கா? அங்க மழையா? இங்க ஒரு சொட்டு கிடையாது... ம்... இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாதான் போட்டேன். வச்சிரட்டா? சரி, வச்சிருதேன்... ஆங், பொறவு, கொடை வருதுல்லா!"

மாமா எப்போது பம்பாய் வந்தார் என்று யோசித்துக்கொண்டே தலையை மேலே நீட்டினேன். ஒரு முதுகு தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. இல்லாத வேட்டியின் நுனியை வலது கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தது. சேலை கட்டின முதுகுதான், ஆனால் சத்தியமாக மாமாவின் முதுகு. சுற்றிலும் பெண்கள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகு திரும்பியது. மயினி.

"வாட்டி செல்வி, ஒங்கம்மைக்கு டப்பாவா? அவ டப்பா வரலன்னு ஏற்கெனவே என் டப்பாவுல பாதி போயாச்சு" என்றாள். அது அவள் குரல். ஒரு விநாடிக்கு முன்பு அங்கே நின்ற மனிதர் ஆயிரம் மைல் தள்ளி அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தார்.

என் கை தானாகவே போனைத் தேடியது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். எனக்கு வாரத்துக்கு ஓர் ஐடியா வரும். கம்மல் விற்கும் பக்கம் ஒன்று ஆரம்பித்து மூடினேன். தாராவிப் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி என்று ஒரு குழு ஆரம்பித்தேன், முதல் நாள் நான் மட்டும் ஓடினேன். மயினி என்னைப் பார்த்ததும் கேட்பதே, "இந்த வாரம் என்ன ஐடியாட்டி?" என்றுதான். அந்த வாரத்து ஐடியா அவள்.

மயினி எனக்கு அண்ணி முறை, என் பெரியப்பா மகனைக் கட்டியவள். ரொம்பத் தூரத்துப் பெரியப்பா. குட்டையான உருவம். முன்பல் ஒன்று அடுத்த பல்லின் மேல் லேசாக ஏறி இருக்கும். குழாயடி வரிசையில் உங்களுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பாள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அவள் உங்களைக் கவனித்திருப்பாள். குடத்தை எந்தக் கையில் மாற்றுகிறீர்கள், யாரைப் பார்த்ததும் பேச்சைக் குறைக்கிறீர்கள், பொய் சொல்வதற்கு முன்னால் எங்கே பார்க்கிறீர்கள், எல்லாம். இதற்கு அவள் வைத்திருந்த சொல் 'எடுப்பது'. "ரேஷன் கடைக்காரன இன்னும் முழுசா எடுக்க முடியல. கண்ணு வந்துட்டு, இடுப்பு வரல" என்பாள். பிறகு ஒருநாள் வழியில் நிறுத்தி, "இடுப்பு வந்துட்டுட்டி" என்பாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் இருக்கிற ஊரில் அந்த ஆளைக் காட்ட மாட்டாள். ஊரில் இருப்பவர்களை பம்பாயில் காட்டுவாள். பம்பாயில் இருப்பவர்களை ஊரில் காட்டுவாள். கார்கானா முதலாளி சேட் மாதிரி செய்து காட்டச் சொல்லி மற்றவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், சேட் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, சூரத்துக்குப் போயிருந்தாலும் சரி, அவள் பதில் ஒன்றுதான்.

"சோலாப்பூர் தாண்டட்டும்."

பம்பாய்க்கும் ஊருக்கும் நடுவே அவள் வைத்த எல்லை அந்த ஸ்டேஷன். வருஷா வருஷம் கொடைக்கு நாங்கள் கும்பலாக ஊர் வண்டி ஏறுவோம். புனே போகும், பொட்டலங்கள் பிரியும், பிள்ளைகள் சண்டை போடும், மயினி ஜன்னலோரம் ஒன்றுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பாள். சோலாப்பூரில் வண்டி நின்று, டீ வந்து, மறுபடி நகர்ந்து, பிளாட்பாரம் முடிந்ததும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். அடுத்த பெட்டியிலிருந்துகூட ஆட்கள் டீக் கப்போடு வந்து நிற்பார்கள். முதலில் சேட் வருவார். அப்புறம் ரேஷன் கடைக்காரர், முனிசிபல் தண்ணீர்க்காரர். அப்புறம், அந்த வருஷம் யாரெல்லாம் கொடைக்கு வரவில்லையோ அவர்கள் எல்லாரும். லீவு கிடைக்காதவர்கள்கூட எப்படியாவது வண்டி ஏறியதற்கு சாமி பயம் மட்டும் காரணமில்லை. திரும்பும்போது அதே சோலாப்பூர் தாண்டியதும் ஊர்க்காரர்கள் வருவார்கள். வரி மாமா இந்தப் பக்கம்தான் பிரபலம். அந்தப் பக்கம் அவருக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் எல்லாரும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். எங்கள் சனத்துக்கு இரண்டு கதை உண்டு. ஊருக்குச் சொல்லும் கதையில் பையன் 'எக்ஸ்போர்ட் கம்பெனியில்' இருப்பான், கல்லியில் அவன் துணி மடிக்கிறவன். பம்பாயில் சொல்லும் கதையில் ஊரில் காரை வீடு இருக்கும், ஊரில் போய்ப் பார்த்தால் பாதிச் சுவர் நிற்கும். இரண்டு கதையும் மயினிக்குத் தெரியும். எது எந்தப் பக்கம் என்பதும் தெரியும். ஒருமுறைகூட அவள் மாற்றி வைத்ததில்லை. எங்கள் எல்லாருடைய மானமும் அந்த ஒரு ஸ்டேஷனை நம்பி இருந்தது.

அவளுக்கு அக்கவுன்ட் ஆரம்பித்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கட்டிலில். பம்பாய்க்கு வெளியே கோபர்கைரனேயில் வேலை செய்யும் அவள் மகன் புதுப் போன் வாங்கித் தந்திருந்தான். அதன் மேல் ஒட்டின பிளாஸ்டிக்கை அவள் உரிக்கவிடவில்லை.

"பேரு என்ன போடட்டும் மயினி?"

"என் பேரு வேண்டாம். ஊர் வண்டின்னு போடு."

"பிறந்த தேதி கேக்கான்."

"எதுக்கு? ஜாதகம் பாக்கவா?"

கடவுச்சொல் கேட்டபோது நானே சோலாப்பூர் என்று வைத்து, பின்னால் எங்கள் வீட்டு நம்பரைச் சேர்த்தேன். அவள் அதற்குச் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஈமெயில் கிடையாது. என்னுடையதைக் கொடுத்தேன்.

உடனே அந்த ஆப், 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று வரிசையாகப் படங்களை நீட்டியது. மயினி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏட்டி, இவ ஊர்ல எங்க பக்கத்து வீட்டுக்காரி. இவன் நம்ம கல்லி டீக்கடைப் பையன். இவுக வரி மாமா மருமக. இவ கார்கானாவுல பட்டன் தைக்கவ. எல்லாரையும் என்னத்துக்கு ஒரே பெஞ்சுல உக்கார வச்சிருக்கான்?"

"ஒங்களுக்கு எல்லாரையும் தெரியும்லா. அதான்."

"எனக்குத் தெரியும். இவன் யாரு அவுகளக் கூப்புட?" படங்களை மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். "அப்பம் நான் காட்டுனா இது சோலாப்பூர் தாண்டித்தான போவும்?"

இந்த இடத்தை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தெளிவாகத்தான் சொன்னேன். "இல்ல மயினி. சோலாப்பூர் கீலாப்பூர் எதுவும் இதுக்குக் கிடையாது. ஊர்லயும் பாப்பாவ, நம்ம கல்லியிலயும் பாப்பாவ, என் ஆபீஸ்லயும் பாப்பாவ. எல்லாருக்கும் போவும்."

அவள் தலையாட்டினாள். "அப்படின்னா இங்கயுள்ளவ ஒருத்தியையும் எடுக்க மாட்டேன். ஒன் தலையில அடிச்சுச் சொல்லுதேன்." உண்மையிலேயே என் தலையில் கையை வைத்தாள். கையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

முதல் வீடியோவுக்குப் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அவள் கும்பிட்டுவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

"பேசுங்க மயினி."

"பதில் சொல்லட்டும்."

"அவுக இப்ப சொல்ல மாட்டாவ. பொறவு பாக்கும்போதுதான்..."

"அப்பம் பாக்கும்போது சொல்லட்டும். சொல்லதுக்கு இடம் விட வேண்டாமா?"

அந்த இடைவெளியை வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், வெட்டவில்லை. பிற்பாடு அதுவே அவள் அடையாளம் ஆகிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டு இருப்பாள். கீழே எத்தனையோ பேர் "சாப்ட்டாச்சு அக்கா" என்று எழுதினார்கள். முதல் ஹார்ட் போட்டது தாணேக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர். மயினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவரு நம்மள மதிச்சுப் போட்டிருக்காரு. நாம என்னட்டி திருப்பிச் செய்யணும்? ஒரு போனாவது போட வேண்டாமா?"

வரி மாமா வீடியோ ஊரில் ஓடியது. மாமா போன் போட்டார். நாங்கள் பயந்துகொண்டே எடுத்தோம். "நல்லா இருக்கியளா, மழையா" எல்லாம் முடிந்த பிறகு, "பொறவு... என்னய வச்சு ஒண்ணுதான் போட்டிருக்கியளாம்லா?" என்றார். இன்னொன்று போட்டோம். ஊர் கண்டக்டர், ஊர் நர்ஸ், கொடைக்கு மைக் செட் போடுபவர் என்று வரிசையாக வந்தார்கள். நான் சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஓடிவருவேன், படம் எடுப்பேன், தலைப்பு வைப்பேன். என் ஐடியாக்களில் முதல் முறையாக ஒன்று உயிரோடு இருந்தது.

பிறகு ஊர்க்காரர்கள் தீர்ந்துபோனார்கள். கண் அடையாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் இறங்க ஆரம்பித்தது. மயினி அதைப் பால் அடுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். "நேத்து பாத்தவுக இன்னைக்கு எங்கட்டி போயிட்டாவ? நாம என்ன தப்பா பேசிட்டோம்?" ஒருநாள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "தாகா வெட்டுற பொம்பளைய யாரு பாக்கா, சொல்லு. சட்டையப் பாப்பான். வெட்டுன நூல யாரு பாக்கா?"

அந்த நாட்களில்தான் நான் அவளிடம் என் கதையைச் சொன்னேன்.

நான் வேலை செய்வது செம்பூரில். எனக்குப் பக்கத்து நாற்காலி காயத்ரி. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்தவர்கள். முதல் நாளே, "நீ தமிழா? அப்பாடா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். மாட்டுங்கா என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்பு போன ஓர் இன்டர்வியூவில் தாராவி என்று சொன்னதும் எதிரே இருந்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, "அங்கிருந்து தினமும் நேரத்துக்கு வந்துடுவியாம்மா?" என்று பரிவோடு கேட்டிருந்தார். அந்தப் பரிவை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. மாட்டுங்கா என்றதும் பேச்சும் கூடவே மாற வேண்டியிருந்தது. இரண்டே வாரத்தில் "வரேளா", "நன்னாருக்கு" எல்லாம் எனக்குச் சரளமாக வந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மாட்டுங்காவில் இறங்குவோம். அவள் தெருவுக்குள் போவாள். நான் சும்மா ஒரு கடையில் எதையாவது விலை கேட்டுவிட்டு, அவள் தலை மறைந்ததும் ஸ்டேஷன் பாலம் ஏறி ரயில் பாதையைத் தாண்டி, லேபர் கேம்ப் பக்கம் இறங்கி தாராவிக்குள் நடப்பேன்.

காயத்ரியின் அம்மா நவராத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார். சுண்டல் கொடுத்து, குங்குமம் கொடுத்து, "உங்காம் எந்த பில்டிங்? அடுத்த வருஷம் நாங்களும் வரோம்" என்றார். "பக்கத்துலதான் மாமி" என்றேன்.

இதை மயினியிடம் சொல்லும்போது முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நடுவில் எப்படியோ அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க, அந்தப் பிள்ள எப்படிப் பேசும்? நீ எப்படிப் பேசுவ? சொல்லு பாப்போம்" என்றாள். நான் காயத்ரியாகவும் பேசிக் காட்டினேன், காயத்ரியிடம் பேசுகிற நானாகவும் பேசிக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். "நீயும் நல்லா எடுக்கட்டி" என்றாள். எனக்கு அது விருது கிடைத்த மாதிரி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஆபீஸில் மாதக் கடைசி நெருக்கடி. மயினி பக்கம் போகவே முடியவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், காயத்ரி தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் செல்வி, இங்க வாயேன். இந்த அம்மா என்னமா பண்றா பாரேன்! யாரோ தாராவியாம். ஊர் வண்டின்னு பேர் வச்சிருக்கா. எங்கம்மா காலம்பரலேர்ந்து நாலு தடவை பாத்துட்டா."

எனக்குப் பெருமைதான் வந்தது முதலில். நான் வளர்த்த பிள்ளை இல்லையா. எட்டிப் பார்த்தேன்.

மாட்டுங்கா பாலத்துப் படிக்கட்டு. அதில் மயினி ஏறிக்கொண்டிருந்தாள். மயினி இல்லை, ஒரு பெண். வலது தோளிலிருந்து பை நழுவிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு தடவையும் அதை மேலே தள்ளிக்கொண்டு, யாருக்கோ பின்னால் திரும்பிக் கையாட்டி, "நாளைக்குப் பாக்கலாம்டி! மாமிய விஜாரிச்சேன்னு சொல்லு!" என்கிறாள். நாலு படி ஏறுகிறாள். பேச்சு கொஞ்சம் தேய்கிறது. பாலத்தின் நடுவில் நிற்கிறாள். அந்தப் பக்கம் இறங்குகிறாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை மாறுகிறது. கடைசிப் படியில், "ஏ எம்மா, பசிக்கு, என்ன இருக்கு?" என்று கத்துகிறாள். அதற்குள் போனைச் சுற்றிக் கூடிவிட்ட ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வீடியோவில் இன்னொரு குரல், "எந்த பில்டிங்?" என்று கேட்கிறது. அந்தப் பெண் ஒரு நொடி தயங்கி, இடது காதைத் தொட்டு, "பக்கத்துலதான் மாமி" என்கிறாள்.

காயத்ரி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நன்னாருக்கில்ல?"

"ம், நன்னாருக்கு" என்றேன். என் கை என் இடது காதில் இருந்தது.

அவள் சிரிப்பு நிற்பதை நான் பார்த்தேன். ஒரேயடியாக நிற்கவில்லை. வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து நிற்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. போனைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், என் நாற்காலியில் தொங்கிய பையைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மாட்டுங்காவில் இறங்கிய பிறகு சொன்னாள்.

"எங்காத்துக்கு வந்து எங்கம்மா கையால வாங்கிச் சாப்ட்டியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமேடி. எங்கள என்னன்னு நெனச்சுண்டே?"

பதில் சொல்ல எனக்கு எந்தத் தமிழும் வரவில்லை. அவள் தெருவுக்குள் போனாள். நான் அன்று எந்தக் கடையிலும் விலை கேட்கவில்லை.

பாலம் இறங்கி நேரே கார்கானாவுக்குப் போனேன். மயினி தலை நிமிராமல் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் கத்தரிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"மயினி, அத எடுத்துருங்க."

"எதட்டி?"

"எதுன்னு ஒங்களுக்குத் தெரியும். இங்கயுள்ளவ ஒருத்தியையும் எடுக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொன்னியளே?"

"ஒன் பேரச் சொன்னேனா? ஒன் மூஞ்சியக் காட்டுனேனா?"

"காதத் தொட்டியளே, மயினி."

கத்தரி நின்றது. அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வெட்கமோ வருத்தமோ வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது சந்தோஷம். ரேஷன் கடைக்காரரின் இடுப்பு வந்த அன்று இருந்த அதே சந்தோஷம்.

"அதக் கவனிச்சியா? ரெண்டு நாளு அதுக்கே ஆச்சுட்டி. எந்தக் காதுன்னே குழம்பிட்டு."

நான் அழுதேனா கத்தினேனா என்று சரியாக நினைவில்லை. வேலை போகும், தோழி போனாள், இனி ஆபீஸில் எப்படித் தலை காட்டுவது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "ஓடுதுல்லட்டி" என்றாள். கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, பெருமை மாதிரியும் இருந்தது. "இதுவரைக்கும் போட்ட எல்லாத்தையும் சேத்தாலும் இவ்வளவு பேரு பாக்கலட்டி. வழியில போறவ நின்னு கேக்கா, நீங்கதான அதுன்னு. என்னய யாராவது அப்படி நின்னு பாத்து நீ பாத்திருக்கியா?"

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? இங்கயுள்ளவள..."

"நீ இங்கயுள்ளவ இல்லட்டி." குரலில் கோபமே இல்லை. கணக்குப் பிசகை விளக்குவதுபோலச் சொன்னாள். "இங்கயுள்ளவன்னா மாட்டுங்கான்னு சொல்லுவியா? அங்கயுள்ளவளும் இல்ல. நீ பாலத்துல நிக்கவ. ஒன்ன எந்தப் பக்கம் காட்டுனாலும் அது அடுத்த பக்கம்தான்."

ஏணியில் இறங்கினேன். வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அக்கவுன்ட் நான் ஆரம்பித்தது, கடவுச்சொல் நான் வைத்தது. நானே நீக்கிவிட எவ்வளவு நேரம் ஆகும்? சோலாப்பூர் என்று அடித்து வீட்டு நம்பரைப் போட்டேன். தவறு என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் தவறு. பிறகு ஏதோ தோன்றி ஈமெயிலைத் திறந்தேன். படிக்காத விளம்பரங்களுக்கு நடுவில் அது கிடந்தது: 'உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது.' வந்திருந்தது வீடியோ போட்டதற்கு முந்தின நாள்.

போனில் அலாரம் வைக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மயினி. யாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாளோ. தவறிப் போட்டுவிட்டாள், தெரியாமல் போட்டுவிட்டாள் என்று பாலத்தில் நடந்து வரும்போதுகூட மனதின் ஓர் ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஓரமும் போயிற்று. முதலில் சோலாப்பூரை எடுத்துவிட்டு, அப்புறம்தான் என்னை எடுத்திருக்கிறாள்.

அதன் பிறகு அவளிடம் நான் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவள் மகனோடு கோபர்கைரனேக்குப் போய்விட்டாள். இப்போது கடைத் திறப்புகளுக்கெல்லாம் கூப்பிடுகிறார்களாம். காயத்ரி என்னிடம் பேசுகிறாள், ஆனால் இந்தியில். வேலை போகவில்லை. என் முகவரியை நானே போய் ஆபீஸில் மாற்றி எழுதிக் கொடுத்தேன். யாரும் பேனாவை மூடவில்லை. இவ்வளவு சுலபமா என்று அதற்கும் சேர்த்து மயினி மேல்தான் கோபம் வந்தது.

அந்த வீடியோவை இப்போதும் பார்க்கிறேன். ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாலத்தின் நடுவில் அந்தப் பெண் நிற்கிறாள் என்றேனே, அங்கே அவள் ஒன்றும் பேசுவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போகிற வண்டியைப் பார்க்கிறாள். எந்தப் பேச்சும் அவள் வாயில் இல்லை. முகத்தைக் கழற்றி வைத்த மாதிரி நிற்கிறாள். தினமும் நான் அப்படித்தான் நிற்பேன். அதை மயினியிடம் நான் சொல்லவே இல்லை. எப்போதோ என் பின்னால் வந்து பார்த்திருக்கிறாள். இல்லை, பார்க்காமலே எடுத்திருக்கிறாள். 

இரண்டு கொடைக்கு அவள் வரவில்லை. வராதவர்களை வண்டியில் காட்டிவிடுவது அவளே போட்ட சட்டம். போன தடவை சோலாப்பூர் தாண்டியதும் எல்லாரும் பழக்கத்தில் அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். நான் எழுந்து, "நான் மயினியக் காட்டட்டா?" என்றேன். காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கோபம் வந்ததே தவிர, மயினி வரவில்லை.

இந்த வருஷம் அவள் வருகிறாள். எங்கள் பெட்டியிலேயே டிக்கெட் போட்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகுகிறேன். ஏறின முன்பல் வந்துவிட்டது. கேள்வி கேட்டுவிட்டு இடம் விடுவது வந்துவிட்டது. கத்தரி நிற்பது, நிமிர்வது, அந்தச் சந்தோஷம்கூட வந்துவிட்டது. "ஓடுதுல்லட்டி" மட்டும் இன்னும் வரவில்லை. கெஞ்சலை வைத்தால் பெருமை போய்விடுகிறது, பெருமையை வைத்தால் கெஞ்சல் போய்விடுகிறது. அது வரும்வரை விடப்போவதில்லை.

சோலாப்பூருக்காகக் காத்திருக்கப் போவதும் இல்லை. புனே தாண்டி, பொட்டலங்கள் பிரிக்கும்போதே, அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து, எல்லாரும் இருக்க, அவள் கண்ணெதிரில் அவளைக் காட்டப்போகிறேன். கோபப்பட்டாள் என்றால் பிரச்சினையில்லை, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நான் சரியாக எடுத்துவிட்டால் அவள் கோபப்பட மாட்டாள். முன்னால் சாய்ந்து, கண்ணெல்லாம் சிரித்து, "அதக் கவனிச்சியா?" என்று கேட்பாள்.

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல இடம் விடுவாள். அந்த இடத்தில் என்ன சொல்வது என்பதைத்தான் இன்னும் பழகவேண்டும்.